பேர் போடாத சீட்டு

“நீ அனுப்புன மிஷினுதாம்லே காட்டிக் குடுத்திருக்கு! வேற எவனுக்கும்…”

“அப்பா, நான் சொல்லுததக் கொஞ்சம்…”

“…வேற எவனுக்கும் தெரியாது அந்த நம்பரு! எனக்குத் தெரியும், அந்த மிஷினுக்குத் தெரியும், அவ்வளவுதான்!”

“அது வேற யாருக்கும் போகாதுப்பா. எனக்கு மட்டுந்தான் வரும்…”

“ஆ! வந்துட்டுல்லா வாயில! உனக்கு வருதுல்லா?”

“வரும்ப்பா, ஆனா நான்…”

“அப்ப நீதான்!”

போன் சாப்பாட்டு மேசையில் ஸ்பீக்கரில் கிடந்தது. என் வீட்டுக்காரருக்குப் போனைக் காதில் வைத்துப் பேச வராது. இரண்டடி தள்ளி நின்று, பஸ்ஸின் பின்வாசலில் நிற்கும் கண்டக்டரைக் கூப்பிடுவதுபோலக் கத்துவார். முப்பத்தொரு வருஷம் அரசாங்க பஸ் ஓட்டியவர். அந்தப் பக்கம் கோயம்புத்தூரில், ஆபீஸ் படிக்கட்டிலோ வராந்தாவிலோ நின்றுகொண்டு எங்கள் மகன் ஜெய்சன் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். நான் தோசைக் கரண்டியோடு அடுக்களை வாசலில் நின்றேன். அடுப்பில் தோசை தீய்ந்துகொண்டிருந்தது. நான் போய்த் திருப்பிப் போடவில்லை.

திங்கட்கிழமை, மணி ஒன்பது. அந்த நேரத்தில் அவர் வீட்டில் இருக்கக் கூடாது. பள்ளிக்கூடத்தில் வேனைக் கழுவி நிறுத்திவிட்டு, வேப்பமரத்தடியில் பேப்பர் படித்துக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் காலை ஆறரைக்கு வேன் ஷெட்டுக்குப் போனவரைப் பள்ளியின் கரஸ்பாண்டென்ட் ஹெப்ரான் காத்திருந்து பிடித்திருக்கிறான். மணி அடித்த பிறகுதான் வருகிற பையன் அவன். ஜெய்சனோடு ஒரே பெஞ்சில் படித்தவன். அப்பா இறந்தபிறகு பள்ளிக்கூடத்தைப் பார்த்துக்கொள்கிறான்.

“அங்கிள், சாவிய இங்கன குடுத்துட்டு உக்காருங்க” என்றிருக்கிறான். “காலைல உங்களுக்கு சுகர் ஐம்பத்திநாலு வரைக்கும் இறங்குதாமே? சாப்பிடாம இருக்கையில எம்பதாவது இருக்கணும்னு சொல்லுதாங்க. இனிமே வேன் வேண்டாம் அங்கிள். யாரு சொன்னான்னு மட்டும் கேக்காதீங்க.”

கேட்காமல் இருப்பாரா? ஷெட்டில் இருந்து வீடுவரைக்கும் அந்த ஒரு கேள்வியோடுதான் நடந்து வந்திருக்கிறார்.

“ஏலே, ஹெப்ரான் உன் கூட்டாளி. நீ பாத்துட்டு அவன்ட்ட சொல்லியிருக்க. ‘எங்க அப்பா சொன்னா கேக்க மாட்டாரு, நீ சாவியப் புடுங்கு’ன்னு சொல்லியிருக்க. ஆமா, இல்லன்னு சொல்லு.”

“இல்லப்பா.”

“பொய் சொல்லாத!”

“நான் பாக்கவே இல்லப்பா!” ஜெய்சனும் கத்திவிட்டான். “ஜனவரிக்குப் பொறவு அந்த ஆப்பை நான் திறந்துகூடப் பாக்கல. தெனமும் காலைல டிங்கு டிங்குன்னு சத்தம் வந்துச்சு, ஆஃப் பண்ணிப் போட்டுட்டேன். போதுமா?”

அடுக்களையில் இருந்து தீய்ந்த வாசனை வந்தது.

“ஒரு நாளும் பாக்கலியா?” என்றார் அவர். குரல் இறங்கியிருந்தது.

“இல்லப்பா.”

“புதன்கிழமை ஐம்பத்தெட்டு. அன்னைக்கும் பாக்கலியா?”

“ஐம்பத்தெட்டா? எப்பப்பா? ஏம்ப்பா சொல்லல? அம்மா எங்க? அம்மாட்ட குடுங்க…”

“வை.”

அவரே விரலை நீட்டிச் சிவப்பைத் தொட்டார். நாற்காலியில் உட்கார்ந்து சட்டைப்பையைத் தடவினார். பையில்தான் நோட்டு இருந்தது.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். உள்ளங்கை அளவுள்ள, கோடு போட்ட நோட்டு. பஸ் ஓட்டிய காலத்தில் கிளம்பிய நேரம், சேர்ந்த நேரம், கிலோமீட்டர் என்று எழுதிப் பழகிய கை அவருடையது. சர்க்கரை வந்தபிறகு அதே மாதிரிக் கட்டம் போட்டு எழுத ஆரம்பித்தார். தேதி, மணி, நம்பர், முந்தின ராத்திரி சாப்பிட்டது. தினமும் காலை ஐந்தே முக்காலுக்கு விரலைக் குத்திப் பார்த்து எழுதுவார். ஒரு நாள் விட்டதில்லை. கிறிஸ்மஸுக்கு வந்த ஜெய்சன், குத்தினால் போனுக்கே நம்பர் போகிற புது மிஷினை வாங்கிக் கொடுத்தபிறகும் நோட்டை விடவில்லை.

அவ்வளவு ஒழுங்காக எழுதுகிறவர் அதை என்னைத் தவிர ஒருத்தருக்கும் காட்ட மாட்டார். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை டாக்டரிடம் போவோம். “வீட்டுல பாக்குதீங்களா? எழுதி வச்சிருந்தா கொண்டாங்க” என்று டாக்டர் ஒவ்வொரு தடவையும் கேட்பார். “மறந்துட்டேன் சார்” என்பார் இவர். நோட்டு நெஞ்சுக்கு நேரே பையில் இருக்கும். நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து என் கைப்பையின் ஜிப்பைப் பார்த்துக்கொண்டிருப்பேன். லேப் சீட்டில் மூன்று மாதச் சராசரி நன்றாகவே இருக்கும். ராத்திரி ஏறுவதும் காலையில் இறங்குவதும் சேர்ந்து சராசரி ஆகிவிடும் போலிருக்கிறது. “அருமை! உங்கள மாதிரி எல்லாரும் இருந்தா எனக்கு வேலையே இல்ல” என்று டாக்டர் கைகொடுப்பார். இவர் சிரித்துக்கொண்டே வெளியே வருவார்.

“காலைல இறங்குதுன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன? மாத்திரையக் கொறைப்பாரு, அவ்வளவுதான” என்று ஆட்டோவில் கேட்பேன்.

“மாத்திரையக் கொறைச்சிட்டு, ‘என்ன வேலை பாக்குதீங்க’ன்னு கேப்பான். வேன் ஓட்டுதேன்னு சொல்லணும். அப்புறம் வேன நிப்பாட்டச் சொல்லி எழுதுவான். எழுதிட்டான்னா அது ரெக்கார்டு.”

“அப்ப நீங்க எழுதுறது?”

“அது என் விரலு, என் ரத்தம், என் நோட்டு. தாணுமாலையனுக்கு என்ன ஆச்சுன்னு தெரியும்லா உனக்கு?”

தெரியும். இருநூறு தடவை கேட்ட கதை. இவரோடு ஓட்டிய தாணுமாலையன், தனக்கு அடிக்கடி தலைசுற்றுகிறது என்று போக்குவரத்துக் கழக டாக்டரிடம் உள்ளதைச் சொன்னார். மறுநாள் ஸ்டியரிங்கை வாங்கிக்கொண்டு கையில் வாளியைக் கொடுத்தார்கள். ரிட்டயர் ஆகிறவரைக்கும் மற்றவர்கள் ஓட்டிவந்த பஸ்ஸைக் கழுவினார். “உண்மையச் சொன்னான், வாளியத் தூக்குனான்” என்று இவர் சொல்லும்போது சிரிப்பார். ஆனால் ரிட்டயர் ஆன பிறகு எட்டு மாதம் வீட்டில் சும்மா இருந்தபோது, இவர் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். சுவரில் தொங்கும் காலண்டரை விட்டு வேறு எங்கும் பார்க்காத முகம். வேன் கிடைத்தபிறகுதான் மறுபடி விசில் அடித்துக்கொண்டு சவரம் செய்தார். அதனால்தான், “சர்க்கரை இறங்குதது டாக்டருக்கோ, மகனுக்கோ, ஹெப்ரானுக்கோ உன் வாயால போவக் கூடாது” என்று அவர் சத்தியம் கேட்டபோது பைபிள்மேல் கை வைத்துக் கொடுத்தேன்.

இவ்வளவையும் நினைத்துக்கொண்டு நான் தோசையைச் சுரண்டினேன். பின்னாலேயே வந்தார்.

“பாத்துட்டு ஊருக்குச் சொன்ன மகன்னா வையலாம், சாலோமி. பாக்கவே பாக்காத மகன என்ன சொல்லி வைய?”

“அவனுக்கு வேலை…”

“இல்ல. பொய் சொல்லுதான். பாத்திருக்கான். பாத்துட்டுத்தான் ஹெப்ரான்ட்ட சொல்லியிருக்கான்.” சொம்பில் இருந்த தண்ணீரைக் குடித்தார். “நான் அப்படியே நெனைச்சிக்கிடுதேன். அது கொஞ்சம் லேசா இருக்கு.”

அப்போதே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். “சட்னி வைக்கட்டுமா?” என்று கேட்டேன்.

அவர் சாப்பிடவில்லை. நான் குளித்து, சேலை மாற்றி, “டெபோரா வீடு வரைக்கும் போயிட்டு வாரேன்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

டெபோரா எங்கள் சபை மாதர் சங்கத்தின் செயலாளர். இரண்டு தெரு தள்ளி வீடு. முற்றத்தில் முறத்தை வைத்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“ஸ்தோத்திரம்க்கா. வாங்க. என்ன இந்த வெயில்ல?”

“வெள்ளிக்கிழமை நீ வாசிச்சது வெளிய போயிட்டு, டெபோரா.”

“எத வாசிச்சேன்?”

“என் சீட்ட.”

அவள் கீரையை விட்டுவிட்டாள்.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் வெள்ளிக்கிழமைதோறும் கோயிலை ஒட்டிய ஹாலில் பெண்களுக்கு உபவாச ஜெபம். செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டிக்குக் கலர் தாள் ஒட்டி, மேலே கீறி வைத்திருப்போம். ஜெபிக்க வேண்டியதைச் சீட்டில் எழுதிப் போட வேண்டும். பேர் போடக் கூடாது. டெபோரா ஒவ்வொன்றாக எடுத்து, “நம்ம சபையில ஒரு சகோதரி” என்று ஆரம்பித்து வாசிப்பாள். நாங்கள் ஆமென் சொல்வோம். ‘மருமகள் ஆறு மாதமாகப் பேசவில்லை’ என்றால் எந்த மருமகள் என்று எல்லாருக்கும் தெரியும். ‘பத்திரம் ரிஜிஸ்தர் ஆகாமல் இழுக்கிறது’ என்றால் எந்தப் பத்திரம் என்று தெரியும். ஆனால் ஒருத்தரும் கழுத்தைத் திருப்பிப் பார்க்க மாட்டோம். கண்ணை மூடிக்கொண்டு நேரே இருப்போம். அதுதான் எங்கள் மரியாதை. ஹாலுக்கு வெளியே வந்து அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசுவதும் இல்லை.

“நான் பேரு சொல்லலியேக்கா!”

“பேரு வேற சொல்லணுமாக்கும்? நம்ம சபையில ஸ்கூல் வேன் ஓட்டுதவிய எத்தன பேரு?”

“அதை எழுதும்போதுல்லா நீங்க யோசிச்சிருக்கணும். இருக்குதத வாசிக்கத்தான எனக்குத் தெரியும்.” அவளுக்குக் கோபம் வந்து, அடங்கியது. “நெசமாச் சொன்னா, உங்க சீட்டு வாசிக்க நல்லா இருந்துச்சு. மத்தவிய எல்லாம் ‘சரீர பெலவீனம்’னு ஒரே வார்த்தையில முடிச்சிருதாவ. எந்த இடத்துல பெலவீனம்னு கர்த்தருக்கே வெளங்காது. நீங்க நம்பர் வரைக்கும் போட்டிருந்தீங்க.”

“அந்த நம்பரத்தான் இன்னைக்கு ஹெப்ரான் சொல்லி, சாவிய வாங்கிட்டான்.”

“ஐயோ! அண்ணாச்சி என்ன சொன்னாவ?”

“ஜெய்சன்தான் சொன்னான்னு அவனப் போட்டு வையுதாரு.”

“நீங்க?”

நான் முறத்தில் இருந்த கீரையை உருவ ஆரம்பித்தேன்.

“யாரு ஹெப்ரான்ட்ட கொண்டு போயிருப்பான்னு நெனைக்க?” என்றேன்.

“இசக்கிச்செல்விதான். வேற யாரு? அவ பிள்ள அந்த வேன்லதான போவுது. புதன்கிழமை பிள்ள வீட்டுல போய், ‘டிரைவர் தாத்தா டூர் கூட்டிட்டுப் போனாவ’ன்னு சொல்லியிருக்கு, அவளே எங்கிட்ட சொன்னா. அவ ரெண்டையும் சேத்துப் பாத்திருப்பா. நம்ம சபையா இருந்தா வாயத் திறந்திருக்க மாட்டாவ. அவளுக்கு நம்ம வழக்கம் தெரியாதுல்லா.”

இசக்கிச்செல்வி எங்கள் சபை இல்லை. மகளுக்கு வீசிங் என்று, யாரோ சொல்லி, இரண்டு மாதமாக வெள்ளிக்கிழமை வருகிறாள். நெற்றியில் பொட்டோடு, கடைசியில் சுவர் ஓரமாக உட்காருவாள்.

“அவ அன்னைக்கு வந்திருந்தாளா?” என்று கேட்டேன்.

டெபோரா என்னைப் பார்த்தாள். கீரை உருவுகிற என் கையைப் பார்த்தாள்.

“என்னக்கா இப்படிக் கேக்குதிய? நீங்கதான அவளுக்குப் பாய் இழுத்துப் போட்டிய. ‘அங்கன சுவரோரமா ஏன் இருக்க, முன்னால வா’ன்னு மூணாவது வரிசையில உங்க பக்கத்துலயே இருக்க வச்சிய. அதுக்குப் பொறவுதான் எங்கிட்ட பேனா கேட்டிய.”

நான் கீரையை உருவிக்கொண்டே இருந்தேன். காம்பெல்லாம் முறத்தில் விழுந்தது, இலையெல்லாம் தரையில் விழுந்தது. அன்றைக்கு வாசித்து முடித்ததும் எல்லாரும் கண்ணை மூடி ஆமென் சொன்னோம். இசக்கிச்செல்விக்கு அந்த மரியாதை தெரியாது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் கண்ணை மூடியிருந்தேன், ஆனால் அவள் பார்த்தது எனக்குத் தெரிந்தது. அவள் பார்க்கட்டும் என்றுதான் இருந்தேன்.

“போய்ச் சொல்லிருங்கக்கா” என்றாள் டெபோரா. “பைய உக்கார வச்சு, சாப்பிட வச்சு, சொல்லிருங்க.”

“சொன்னா என் மூஞ்சில முழிக்க மாட்டாரு.”

“அப்ப ஜெய்சன் மூஞ்சில முழிக்காம இருக்கட்டும்னு விட்டுருதியளா?”

வீட்டுக்கு வந்தேன். அவர் மேசைமேல் செய்தித்தாளை விரித்து, அந்த மிஷினையும், குத்துகிற பேனாவையும், மிச்சமிருந்த டெஸ்ட் பட்டைகளையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்தார். டப்பாவைத் தாளில் சுற்றி, சணல் கயிறு போட்டு இறுக்கினார். மூட்டை கட்டுவதில் அவரை யாரும் மிஞ்ச முடியாது.

“என்ன செய்யுதிய?”

“கொரியர்ல அனுப்பப் போறேன். அவன் குடுத்தத அவனே வச்சிக்கிடட்டும். எனக்கு என் பழைய மிஷின் போதும். அது யாருக்கும் சேதி சொல்லாது.”

“இப்பவே அனுப்பணுமா?”

“இப்பவேதான். நீதான் எழுத்து குண்டு குண்டா எழுதுவ. அட்ரஸ் எழுது. மேல பெறுநர், கீழ அனுப்புநர். பின்கோடு விட்டுராத.”

பேனாவை நீட்டினார். வாங்கினேன். ‘பெறுநர்’ என்று எழுதினேன். ‘அ. ஜெய்சன்’ என்று எழுதினேன். கை அதற்குமேல் போகவில்லை.

“என்ன, வீட்டு நம்பர் மறந்துட்டா?”

“அவன் இல்லங்க.”

“நீ அவனுக்குப் பரிஞ்சுக்கிட்டு வராத…”

“பரிஞ்சு பேசல. அவன் சொல்லல. நான்தான் சொன்னேன்.”

“யார்ட்ட? ஹெப்ரான்ட்டயா?”

“இல்ல. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துல. சீட்டு எழுதிப் போட்டேன்.”

அவர் சிரித்துவிட்டார். நிஜமான சிரிப்பு. “ஏட்டி, ஜெபச் சீட்டா? கர்த்தர்ட்ட சொன்னதுக்கா ஹெப்ரான் வந்து சாவி கேட்டான்?”

“டெபோரா சத்தமா வாசிச்சா.”

“என் பேரையா?”

“பேரு போடல.”

“நம்பர்?”

“போட்டேன்.”

சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

“வேன் ஓட்டுதத?”

“அதையும்.”

“எத்தன பேரு இருந்தாவ?”

“நாப்பது பேரு இருக்கும்.”

“நாப்பது பொம்பளைய ஆமென் சொன்னாவளா அதுக்கு?”

“சொன்னாவ.”

“நான் டாக்டர்ட்ட காட்டல. பெத்த மகன்ட்ட மூச்சு விடல. பையிலயே வச்சிக்கிட்டுத் திரிஞ்சேன். நீ மைக்கு போட்டு வாசிச்சிருக்க.”

“மைக்கு இல்லங்க.”

“மைக்கு இல்லையாம்!” மேசையில் தட்டினார். டப்பா குதித்தது. “டாக்டர்ட்ட சொல்லியிருக்கலாம்லா? அவன்ட்ட சொல்லியிருந்தா அவனோட போயிருக்கும்!”

“சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்குனிய.”

“அப்போ, சாமிட்ட சொல்லக் கூடாதுன்னு நான் சத்தியம் வாங்கல. அந்தச் சந்துல பூந்துட்ட.”

“ஆமா.”

நான் மறுப்பேன் என்று நினைத்திருப்பார். இதற்குமேல் நிறுத்தினால் இனி ஒருநாளும் சொல்ல மாட்டேன் என்று தெரிந்தது.

“இன்னொண்ணும் இருக்கு. உங்க வேன்ல வருதே வீசிங் பிள்ள, அதோட அம்மா இசக்கிச்செல்வி. அவ அன்னைக்கு வந்திருந்தா. சுவரோரமா இருந்தவள நான்தான் கூப்பிட்டு என் பக்கத்துல உக்கார வச்சேன். அப்புறந்தான் சீட்டு எழுதுனேன். அவ காதுல விழணும்னுதான் எழுதுனேன். கர்த்தருக்குன்னு எழுதல.”

“சத்தியத்த மீறாமலே மீறிட்ட.”

“ஆமா.”

“காலைல நான் அவனப் போட்டு அந்தக் கத்து கத்துனேன். கேட்டுக்கிட்டுத்தான நின்ன? கரண்டியப் புடிச்சிக்கிட்டு?”

“ஆமா.”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா? எங்கிட்ட?”

“சொன்னேன். புதன்கிழமையே சொன்னேன். நாளைக்கு லீவு போடுங்கன்னு கெஞ்சுனேன். நீங்க சிரிச்சிய.”

புதன்கிழமை ஆயாம்மா லீவு. இவர் மட்டும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். முருகன்குறிச்சியில் பள்ளிக்கூடத்துக்குத் திரும்ப வேண்டியவர், திரும்பாமல் கொக்கிரகுளம் வரை போய், ஆற்றுப் பாலத்தில் ஏறிவிட்டார். பிள்ளைகள், “டூர்! டூர்!” என்று கைதட்டியிருக்கிறார்கள். சாயங்காலம் அதை எனக்கு நடித்துக் காட்டினார், ஒவ்வொரு பிள்ளையின் குரலிலும். வயிறு வலிக்கச் சிரித்தார்.

இப்போது உட்கார்ந்தார். கட்டிய கயிற்றின் முடிச்சை நகத்தால் நெருடினார்.

“வீட்டுக்கு வந்துதான் சிரிச்சேன்” என்றார். “பாலத்துல சிரிக்கல. ஓரமா நிப்பாட்டி ஹேண்ட் பிரேக்கைப் போட்டேன். சட்டையெல்லாம் நனைஞ்சு போச்சு. கீழ தண்ணி போவுது. இது எந்த ஊரு, என்ன ஆறுன்னு எனக்குத் தெரியல, சாலோமி. இந்த ஆத்த முப்பத்தொரு வருஷம் தாண்டியிருக்கேன். பின்னால பிள்ளைய கையத் தட்டுது. பையில கிடந்த கருப்பட்டியக் கடிச்சு முழுங்குன பொறவுதான், ஓ, நம்ம பாலம்லான்னு வந்துச்சு.”

“அத எங்கிட்ட சொல்லலியே நீங்க.”

“சொன்னா நீ விட்டிருப்பியா?”

“மறுநாளும் எடுத்துட்டுப் போனியளே. ஐம்பத்திநாலு எழுதிட்டு எடுத்துட்டுப் போனியளே.”

“போனேன்.” அவர் தலை குனிந்திருந்தது. “கருப்பட்டியக் கூட ரெண்டு துண்டு எடுத்து வச்சிக்கிட்டுப் போனேன்.”

தெருவில் மீன்காரர் சத்தம் கொடுத்துக்கொண்டு போனார். அவருக்கு எங்கள் வாசலில் நின்று பார்க்கிற வழக்கம். அன்றைக்கு இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

“ஜெய்சனுக்குப் போன் போடுங்க” என்றேன். “நான் பேசுதேன். நான்தான்னு நானே சொல்லுதேன்.”

“போடுவோம். பைய.” மூட்டையை என் பக்கமிருந்து தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கயிற்றை அவிழ்க்கவும் இல்லை, இறுக்கவும் இல்லை. “சீட்டுல என்ன எழுதுன? எழுதுன மாதிரியே சொல்லு. நீ எழுதுனது உனக்கு மறக்காது.”

“எதுக்குங்க இப்ப?”

“நாப்பது பேரு கேட்டிருக்காவ. நான் கேக்கக் கூடாதா?”

எனக்கு ஒரு எழுத்து மறக்கவில்லை. மூன்று நாளாகப் பாத்திரம் தேய்க்கும்போதும் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

“பள்ளிக்கூட வேன் ஓட்டும் ஒருவருக்குக் காலையில் சர்க்கரை ஐம்பத்தெட்டு, ஐம்பத்திநாலு என்று இறங்குகிறது. வழி மறந்துபோகிறது. தெரிந்தும் வேனை எடுக்கிறார். அந்த வேனில் போகும் பதினான்கு பிள்ளைகளையும் கர்த்தர் பத்திரமாகக் காக்கும்படி ஜெபிக்கவும்.”

அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், ஹாலில் நாங்கள் கேட்பதுபோல.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். விரல் நுனிகளைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தார்.

“பதினாலு பிள்ளையளையும் எண்ணி எழுதியிருக்க. அது சரிதான், எழுதத்தான் வேணும்” என்றார். “ஓட்டுதவனுக்குன்னு ஒரு வரி எழுதணும்னு உனக்குத் தோணலியா, சாலோமி?”